தம்பிக்கு தபால் ஓட்டு, அண்ணனுக்கு?

கேள்வி: நான் சிங்கப்பூர் ஜூரோங்ல வேலை பாக்குறேன், இந்தியன் பாஸ்போர்ட்தான். ராணுவத்துல இருக்குற என் தம்பி தபால்ல ஓட்டு போடுறான், எனக்கு மட்டும் ஏன் இல்ல?

பதில்: தம்பி சர்வீஸ் வோட்டருங்க, அதாவது ராணுவம் மாதிரி அரசுப் பணில இருக்குறதால தபால்ல ஓட்டு போட உரிமை உள்ளவரு. ஓட்டுச்சீட்டு ஆன்லைன்ல வரும், பிரின்ட் எடுத்து குறி போட்டு, உறுதிமொழி படிவத்தோட தபால்ல அனுப்பணும், எண்ணுற அன்னைக்கு காலைல 8 மணிக்குள்ள போய்ச் சேரலைன்னா கணக்குல வராது. இங்க ஹைகமிஷன்ல (இந்தியத் தூதரகம்) இருக்குற இந்திய அதிகாரிக்கும் இந்த வசதி உண்டு. உங்களுக்குக் கிடையாது, என்னைக் கேட்டா அநியாயம்தான். வெளிநாட்டுல இருக்குற இந்தியருக்கான படிவம் 6ஏ கொடுத்து பாஸ்போர்ட்ல இருக்குற ஊர் முகவரில பேர் சேர்த்துக்கலாம், ஆனா ஓட்டுப்பதிவு அன்னைக்கு ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட அந்த பூத்துக்கே நேர்ல போய் நிக்கணும், லீவு, டிக்கெட் எல்லாம் உங்க பாடு. இங்க பிஆர் (நிரந்தரவாசம்) எடுத்திருந்தாலும் பரவால்ல, சிங்கப்பூர் சிட்டிசன் ஆயிட்டா அதுவும் முடியாது.