தொட்டுப் பார்க்காமல் என் வலி டாக்டருக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: எனக்கு 43 வயது. கன்னியாகுமரி மாவட்டம் அருமனைப் பக்கம் அண்டி (முந்திரிக்கொட்டை) ஆபீசில் ஓடு உடைக்கும் வேலை. இரண்டு வருடமாக மேலெல்லாம் வலி, எவ்வளவு தூங்கினாலும் அசதி. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்கள். ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்கலாம் என்று ஒரு டாக்டர் சொல்லி, சென்னையில் உள்ள மூட்டுவாத நிபுணரிடம் அடுத்த வாரம் வீடியோவில் பேச ஏற்பாடு செய்திருக்கிறார். தொட்டுப் பார்க்காமல் போனில் என்ன தெரியும்? நான் எப்படித் தயாராக வேண்டும்?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் வலி நிஜமான வலி. ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்றால் வலியே இல்லை என்று அர்த்தமில்லை. ஃபைப்ரோமயால்ஜியாவில் நரம்பு மண்டலம் வலியைப் பெரிதாக்கி உணர்கிறது, அது ரத்தப் பரிசோதனையிலோ எக்ஸ்ரேயிலோ தெரியாது.

தொட்டுப் பார்க்காமல் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள், நியாயமான கேள்விதான். 1990-இல் வந்த முறைப்படி உடம்பில் 18 இடங்களை விரலால் அழுத்தி, 11 இடத்திலாவது வலித்தால்தான் இந்த நோய் என்போம். 2010-க்குப் பிறகு அது கட்டாயமில்லை. இப்போது உடம்பை 19 பகுதிகளாகப் பிரித்து, கடந்த ஒரு வாரத்தில் எங்கெங்கே வலித்தது என்று எண்ணுகிறோம், அதோடு அசதி, தூங்கி எழுந்தும் தெளிவில்லாமை, மறதி இவையெல்லாம் எந்த அளவு, மூன்று மாதத்துக்கு மேலாக இருக்கிறதா என்றும் கேட்கிறோம். அதாவது இந்த நோயில் நீங்கள் சொல்வதுதான் பரிசோதனை. அதனால்தான் தயாரிப்பு முக்கியம்.

பிள்ளைகளின் நோட்டில் ஒரு மனித உருவத்தை முன்னும் பின்னுமாக வரைந்துகொள்ளுங்கள், கோணலாக இருந்தால் பரவாயில்லை. இன்றிலிருந்து ஏழு நாள், வலித்த இடத்திலெல்லாம் பேனாவால் நிழலிடுங்கள். பக்கத்தில் எப்படிப்பட்ட வலி என்றும் எழுதுங்கள். வெறும் 'மேல் வலி' என்றால் எங்களுக்குப் பாதிதான் புரியும், உளைச்சலா, கடுப்பா, எரிச்சலா, குத்துகிறதா, மரத்துப்போகிறதா என்று உங்கள் பேச்சிலேயே எழுதினால் போதும், ஆங்கில வார்த்தை தேடவே வேண்டாம். உட்கார்ந்தே வேலை செய்த நாளில் கூடுகிறதா, ஞாயிற்றுக்கிழமை குறைகிறதா, ராத்திரி எத்தனை முறை விழிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காலையில் விரல்கள் விறைப்பாக இருந்தால், சரியாக மடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, மூட்டும் வீங்குகிறது என்றால் முடக்குவாதம் (ருமடாய்டு மூட்டுவாதம்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். வீக்கம் டாக்டரிடம் பேசும் நேரத்தில் குறைந்திருக்கலாம் என்பதால் அது இருக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள்.

அப்புறம் மாத்திரைகள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிய வலி மாத்திரை, நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் வாங்கிய எண்ணெய், கஷாயம், எதையும் மறைக்க வேண்டாம். அட்டைகளை ஒரே கவரில் போட்டு வையுங்கள், பெயர் அச்சிட்ட பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். பழைய ரிப்போர்ட்டுகளை வெளிச்சத்தில் தரையில் விரித்து, நான்கு மூலையும் தெரியப் படம் எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அதில் தைராய்டு, வைட்டமின் டி, ரத்த அளவு பார்த்திருக்கிறதா என்று டாக்டர் தேடுவார், அவை குறைந்தாலும் இதே மாதிரி அசதியும் வலியும் வரும்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாதீர்கள். ஐந்து நிமிடத்தில் தோள் கடுத்துவிடும், படமும் ஆடும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, ஒரு சம்படத்தில் சாய்த்து வையுங்கள். அண்டி ஓட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்திருந்தால் அது வேலையால் வந்தது என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தோல் நோயோ என்று நினைக்க இடமுண்டு. மழை நாளில் கரண்டும் சிக்னலும் போகும், எனவே முழுதாக சார்ஜ் போட்டு வையுங்கள், லைன் அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் உங்கள் வலியை நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மனசு சரியில்லை, அழுகை வருகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், அது கூச்சப்படும்படியாக இருந்தால் அந்த இரண்டு நிமிடம் மற்றவர்களை வெளியே போகச் சொல்லலாம்.

டுலோக்செடின், அமிட்ரிப்டிலின் என்று எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் "இது மனநோய் மாத்திரை" என்று சொன்னார் என்று பயந்து தூக்கி வைக்காதீர்கள். அவை வலி நரம்புகளையும் அடக்கும், அதற்காகத்தான் தருகிறோம். சர்க்கரை, பிரஷர், கண்நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருந்தால் முன்பே சொல்லுங்கள். நடைப்பயிற்சி போன்ற உடற்பயிற்சிதான் இந்த நோய்க்கு உறுதியான ஆதாரம் உள்ள சிகிச்சை, ஆனால் எட்டு மணி நேரம் குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அதை எப்படித் தொடங்குவது என்று கேட்டு, பதிலை எழுதிக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், எடை குறைதல், ஒரு கை அல்லது கால் பலமிழத்தல், சிறுநீர் அடக்க முடியாமை இவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் உடனே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரில் போய்விடுங்கள். வீடியோவில் பார்த்த டாக்டரே நேரில் வரச் சொன்னாலும் பயப்பட வேண்டாம், மூட்டை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.