கம்பிக்கு வெளியே நாலரை சென்டிமீட்டர்

அன்புள்ள அண்ணனுக்கு,

ராமநாதபுரம் கடற்கரையில், உச்சிப்புளிப் பக்கம் எங்கள் ஊர். ஐந்து வருடம் பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டம்) படித்து இந்த ஆண்டுதான் முடித்தேன். டிசைன் பாடத்தில் எப்போதும் நல்ல மதிப்பெண். இறுதியாண்டுக்கு மீனவர் குடியிருப்பு ஒன்றை வடிவமைத்தேன். வலை பின்ன முற்றம், பொதுத் திண்ணை, தாத்தா வீட்டில் இருந்ததுபோல் பவளக்கல் சுவர். நடுவர்கள் மிகவும் பாராட்டினார்கள். பயிற்சிக்குப் போன அலுவலகத்தில் ஆறு மாதமும் கணினியில் முப்பரிமாணப் படம்தான் செய்தேன். சைட்டுக்கு இரண்டே முறை போனேன்.

இப்போது மாமா வீட்டு வேலை நடக்கிறது. போய் நின்றேன். "பாப்பா, சாந்துக்கு எத்தனை சட்டி மணல் போடச் சொல்லட்டும்?" என்று கொத்தனார் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சித்தாள் அக்கா சட்டென்று சொன்னார். ஐந்து வருடமும் வீண் என்று அன்றிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. மேற்படிப்பாக எம்.ஆர்க். சேரட்டுமா, கொத்தனாரிடம் சேரட்டுமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

வீண் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் 2003இல் வீடு கட்டினோம். கட்டித் தந்த மேஸ்திரிக்கு அனுபவம் நிறைய. நல்ல மனிதரும்கூட. போர்டிகோவுக்குத் தளம் போட்ட அன்று கம்பிகள், கான்கிரீட்டைத் தாங்க அடியில் பரப்பும் சென்ட்ரிங் தகரத்தின் மேலேயே கிடந்தன. அங்கங்கே சல்லியை அண்டக் கொடுத்திருந்தார்கள். கலவைக்கு எங்கள் உவர்க்கிணற்றுத் தண்ணீர். பன்னிரண்டாம் வருடம் ஒரு மதியம், அம்மா அரிசி புடைத்துவிட்டு உள்ளே போன கொஞ்ச நேரத்தில், அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் கான்கிரீட் பாளமாக விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் கம்பி செதில் செதிலாக உரிந்து தொங்கியது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே இறங்கி அதை உடைத்துவிடும். துரு, இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பருமனாகி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கடற்காற்று நேரே படுகிற கான்கிரீட்டுக்கு எம் 30 என்ற வலிமைத் தரக் கலவை வேண்டும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட், வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. எங்கள் போர்டிகோவில் விரல் நகத்தின் அளவுகூட இல்லை. அந்த நாலரை சென்டிமீட்டர் உங்கள் பாடத்தில் இருந்தது. எங்கள் மேஸ்திரிக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனால் தாளில் எழுதிவிட்டால் கவர் வந்துவிடாது. கான்கிரீட் போடும்போது ஆட்கள் சட்டியோடு கம்பி மேல்தான் நடப்பார்கள். மேல்கம்பி அமுங்கும், கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டையான கவர் பிளாக் நழுவும். அந்த நேரத்தில் அங்கே நின்று தூக்கிக் கட்டச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கவர் பிளாக்கைத் தளத்துக்கு ஆகும் அதே தரக் கலவையில் முன்கூட்டியே வார்த்து, நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு வைக்க வேண்டும். நீங்களே உங்கள் கையால் ஒரு நூறு வார்த்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் அந்தச் சித்தாள் அக்கா. செங்கல் கட்டுக்குச் சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஆறு என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஒரு மூட்டை சிமென்ட் ஏறக்குறைய 35 லிட்டர். சட்டியின் கொள்ளளவை ஒருமுறை அளந்துவிட்டால் கணக்கு வந்துவிடும். அந்தக் கணக்கில் வராத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஈர மணல் உப்பி நிற்கும், அதே சட்டியில் மணல் குறைவாகத்தான் இருக்கும். அதனால் மணல் ஈரமாக இருந்தால் சட்டி கூட்டிப் போட வேண்டும். உங்கள் புத்தகத்திலும் இது இருக்கிறது, ஆனால் அவர் அதைக் கையால் கிள்ளிப் பார்த்தே சொல்வார். சைட்டில் மிகக் குறைந்த கூலி அவருக்குத்தான் என்பது எனக்குத் தாளாத விஷயம். அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொண்டதை நாலு பேர் முன்னால் அவரிடமே சொல்லுங்கள்.

பவளக்கல் சுவர் விஷயத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பின் கூரையில்லாமல் நிற்கும் தேவாலயச் சுவரில் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அழகுதான். ஆனால் இந்தக் கரையில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. கடலின் வேகத்தை மட்டுப்படுத்துவது அந்தப் பாறைகள்தான். 2001 முதல் பவளம், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் பட்டியலில் இருக்கிறது. மீனவர்களுக்கு வீடு வரைந்து, அவர்களின் மீன் குஞ்சு பொரிக்கும் இடத்தைச் சுவராக்கலாமா? "இந்தக் கல் எங்கிருந்து வரும்?" என்று நடுவர்களில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். பனை உத்திரம் நினைத்தாலும் இதே கேள்விதான். இப்போது பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும்.

தாத்தா வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேறு உண்டு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புச் சாந்து, ஆழமான தாழ்வாரம், கம்பியே இல்லாத கனத்த சுவர். துருப்பிடிக்க அங்கே எதுவும் இல்லை. உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்தாலும் பூச்சைத்தான் மாற்ற வேண்டும், சுவர் நிற்கும்.

கேரளத்தில் குறைந்த செலவில் வீடுகள் கட்டிய கட்டடக்கலைஞர் லாரி பேக்கரை வகுப்பில் படித்திருப்பீர்கள். அவருடைய பூசாத செங்கல் சுவரைப் பார்த்து அப்படியே இங்கே கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நம் கரையில் சுமாராக வெந்த செங்கல்லைப் பூசாமல் விட்டால் உப்பு அதை மாவாக்கிவிடும். அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சுவரை அல்ல. சைட்டில் கொத்தனார்களோடு நின்று, கையில் கிடைத்த துண்டுத்தாளில் வரைந்து, அங்கேயே மாற்றிக் கட்டிய பழக்கத்தை.

எம்.ஆர்க். எங்கும் ஓடிவிடாது. ஒரு வீட்டின் வேலையை வானம் தோண்டுவதிலிருந்து மொட்டைமாடியில் தட்டோடு பதிப்பது வரை ஒருநாள் விடாமல் பாருங்கள். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அவருக்குக் கவர் ஏன் என்று சொல்லிக்கொடுங்கள். உங்கள் மாமா வீட்டையே முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

அங்கே தளம் எப்போது போடுகிறார்கள்? அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அளவுநாடாவோடு மேலே ஏறுங்கள். கம்பிக்குக் கீழே, பக்கவாட்டில், சன்ஷேடு ஓரத்தில் அளந்து பாருங்கள். கலவைக்கு வரும் தண்ணீரைக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் வேறு தண்ணீர் வரும்வரை வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். மாமா கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடுங்கள், எங்கள் போர்டிகோவின் கதையை நானே அவரிடம் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்