களிமண்ணில் ஒட்டிய நொதி: கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் லிம் சூ காங் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் தீவனம் என் பொறுப்பு. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் அரைத்து, குருணையாக்காமல் மாவாகவே போடுகிறோம். தானியத்தில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸை விடுவிக்கும் பைட்டேஸ், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் இரண்டும் கலந்த நொதித்தூள் சேர்ப்பது வழக்கம். இப்போது ஒரு விற்பனையாளர், பென்டோனைட் களிமண்ணில் நொதியை ஒட்டிய சரக்கு என்று கூடுதல் விலை சொல்கிறார். தொழிற்சாலைகளில் இப்படித்தான் ஒரே நொதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்களாம். வாங்கலாமா ஐயா?

பதில்: அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் ஆலைக் கதையைக் கொண்டுவந்து கோழிக்கூண்டில் சொல்லியிருக்கிறார்.

மார்கரின் செய்ய எண்ணெயின் கொழுப்பை மாற்றியமைக்கும் ஆலைகளில், லைப்பேஸ் நொதியைச் சிலிக்கா மணிகளில் ஒட்டி உயரமான குழாயில் நிரப்பி வைப்பார்கள். எண்ணெய் மேலே புகுந்து கீழே வெளியேறும். நொதி குழாயிலேயே தங்கிவிடும். அதனால்தான் அங்கே மறுபயன். உங்கள் கோழியிடம் அந்தக் குழாய் எங்கே இருக்கிறது? தின்ற நொதி ஒரு தடவை வேலை செய்துவிட்டு எச்சத்தோடு போய்விடும்.

சரி, களிமண்ணால் பயனே இல்லையா? உண்டு. குருணைத் தீவனம் செய்யும்போது நீராவிச் சூடு 80 டிகிரியைத் தாண்டும். அதில் வெறும் நொதி கெட்டுப்போகும், கனிமத்தில் ஒட்டியிருந்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். உங்களுடையது மாவு, அந்தக் கவலை இல்லை. உங்கள் எதிரி ஈரம்தான். சிங்கப்பூர்க் காற்றில் ஒரு தடவை பிரித்த மூட்டையின் வாயைப் பாருங்கள், ஓரத்தில் தூள் கட்டிதட்டியிருக்கும். அதைவிட மோசம், நொதியைக் கோலின் குளோரைடு உள்ள விட்டமின் கலவையோடு முன்கூட்டியே கலந்து வாரக்கணக்கில் வைப்பது. கோலின் ஈரத்தை இழுக்கும், நொதி செத்துப்போகும். இந்தப் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

கெடுதலும் ஒன்று உண்டு. மக்காச்சோளத்திலுள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற சேர்மமாகப் பூட்டிக் கிடக்கிறது. பைட்டேஸ் அதைத் தீனிப்பையிலும் இரைப்பையிலும், சில மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும். நொதி களிமண் ஏடுகளுக்கு நடுவே இறுகிக்கொண்டு வெளியே வராவிட்டால் பூட்டு அப்படியேதான் இருக்கும். அதை நம்பி, பாஸ்பரஸுக்காகச் சேர்க்கும் டைகால்சியம் பாஸ்பேட்டை நீங்கள் குறைத்திருந்தால், ஒரு நாள் கூண்டில் காலூன்றி நிற்க முடியாத கோழிகளைப் பார்ப்பீர்கள்.

மாதிரி கேட்டு வாங்கி இதைச் செய்து பாருங்கள். ஒரு கரண்டித் தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, மண் அடியில் படியும்வரை விடுங்கள். மேலே தெளிந்த நீரைத் தனியே எடுத்துவிட்டு, வண்டலை இரண்டு தடவை அலசுங்கள். அரிசி மாவுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் மூன்று டம்ளர்களில் ஊற்றுங்கள்: ஒன்றில் தெளிந்த நீர், ஒன்றில் வண்டல், ஒன்றில் வெறும் தண்ணீர். அரை மணி கழித்துக் கரண்டியால் கிளறுங்கள். தெளிந்த நீர் ஊற்றிய கஞ்சி மட்டும் நீர்த்துப்போனால் நொதி ஒட்டவே இல்லை, களிமண் வெறும் நிரப்பி. அப்படிப்பட்ட சரக்கு நிறையவே புழங்குகிறது. கெடுதல் இல்லை, ஆனால் கூடுதல் விலைக்கு நியாயமும் இல்லை. வண்டல் டம்ளர் நீர்த்தால் நிஜமாகவே ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

இந்தச் சோதனை அமைலேஸைத்தான் காட்டும். பைட்டேஸுக்கு ஆய்வகம்தான் வழி. அங்கேயும் தூளை அனுப்பாமல் கலந்த தீவனத்தை அனுப்புங்கள். கிலோவுக்கு எத்தனை அலகு என்று எண்ணில் வரும்; முட்டைக்கோழிக்கு 300 முதல் 500 வரை போடுவது வழக்கம். ஒட்டிய நொதி சாதாரணக் கரைசலில் முழுதாகப் பிரியாமல் அளவு குறைத்துக் காட்டக்கூடும் என்பதால், எந்த முறையில் அளப்பது என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் உங்கள் பழைய தூளையே சின்னப் பைகளில் வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் குளிர்ந்த இடத்தில் வைத்து, கலக்கும் அன்று மட்டும் திறங்கள்.