அமெரிக்க வங்கியில் காயின் ரோல் (தாளில் சுற்றிய காசுக் கட்டு) வாங்கித் தேடினால் இன்னும் வெள்ளிக் காசு கிடைக்குமா?

கிடைக்கும். யூடியூபில் காட்டுகிற அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான். நீங்கள் இங்கே வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும், கவுன்ட்டரில் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எதற்குக் கூச்சம்? பத்து டாலர் கொடுத்து பத்து டாலருக்குச் சில்லறை வாங்குகிறோம்.

1964 வரை அடித்த டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்), ஹாஃப் டாலர் (50 சென்ட்) மூன்றிலும் 90 சதவீதம் வெள்ளி. 1965-ல் வந்த சட்டம் முதல் இரண்டிலும் வெள்ளியை அடியோடு நிறுத்திவிட்டது. ஹாஃப் டாலரில் மட்டும், புழக்கத்துக்கு விட்டதில், 1969 வரை 40 சதவீதம் இருந்தது. அதனால் நான் ஹாஃப் டாலரைத்தான் கேட்டு வாங்குவேன். கடைகளில் அதை யாரும் நீட்டுவதில்லை. வங்கி டிராயரிலேயே தூங்கும்.

ஒருமுறை எங்கள் ஊர் கிளையில் டெல்லர் அம்மா, யாரோ வீட்டைக் காலி செய்தபோது கொண்டுவந்து போட்டது என்று பழுப்பேறிய தாளில் கையால் சுற்றிய ரோல்களைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஒன்றைப் பிரித்து அப்படியே அடுக்கி வைத்தேன். சாதாரணக் காசுக்கு விளிம்பில் செம்புக் கோடு ஓடும். இதில் இருபதும் வெள்ளை வெளேர் என்று நின்றன. பெரும்பாலும் கென்னடி தலை போட்ட 1964 ஹாஃப் டாலர். நடுவில் 1943-ம் ஆண்டு வாக்கிங் லிபர்ட்டி (நடந்து வரும் சுதந்திர தேவி உருவம் போட்ட பழைய ஹாஃப் டாலர்) ஒன்று, சேலை மடிப்பு மாதிரி இருக்கும் அந்த உடையெல்லாம் தேய்ந்து வழவழவென்று. மேஜையில் போட்டால் கணீரென்று மணிச் சத்தம். அன்று இரவு நான் தூங்கவே இல்லை.

இதைச் சொன்னால், "அந்தக் குடும்பத்தை ஏமாற்றிவிட்டாய்" என்கிறார்கள். அவர்கள் வங்கியில் போட்டுவிட்டுப் போன பணம் ஐயா! நான் வாங்காவிட்டால் அடுத்தவர் வாங்கியிருப்பார். "நேரத்துக்குக் கணக்குப் போட்டால் நஷ்டம்தானே" என்று இன்னொரு கூட்டம். ஞாயிறு முழுக்கக் கிரிக்கெட் பார்க்கிறவரிடம் யாராவது கணக்குக் கேட்கிறார்களா?

எனக்கு ஆத்திரம் வருவது வேறு விஷயத்தில். எனக்குக் காசு சேர்க்கும் பழக்கம் உண்டு என்று தெரிந்ததிலிருந்து, ஊரிலிருந்து வாட்ஸப்பில் ஓயாமல் வருகிறது: வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் இருந்தால் லட்சக்கணக்கில் தருவார்களாம். என் பெரியப்பா அதை நம்பி 'பதிவுக் கட்டணம்' கட்டினார். போனது போனதுதான். இப்படிப்பட்ட மோசடி பற்றி ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது. அதை மட்டும் ஒருவரும் ஃபார்வேர்டு செய்வதில்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். நிக்கல் என்கிற 5 சென்ட் காசையும் விடாதீர்கள்: போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை அடித்ததில், பின்பக்கக் கட்டடத்துக்கு மேலே பெரிய எழுத்து ஒன்று இருந்தால் 35 சதவீதம் வெள்ளி. தேடி முடித்த காசை வாங்கிய கிளையிலேயே கொட்டாதீர்கள், வேறு வங்கியில் போடுங்கள். டெல்லருக்கும் தொல்லை இல்லை, நீங்கள் பார்த்த காசே உங்களிடம் திரும்பியும் வராது. அப்புறம், கிடைத்த காசு எதையும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.