குட்டியின் தகப்பனும் தரகரின் சான்றிதழும்

கேள்வி: ஐயா, வியாசர்பாடியில் கல்யாண ஊர்வலத்துக்காகக் குதிரை வளர்க்கிறேன். என் செவலைப் பெண் குதிரையை, சுத்த மார்வாரி இனம் என்று தரகர் காட்டிய கருப்புக் குதிரையோடு பணம் கொடுத்துச் சேர்த்தேன். குட்டி கரும்பழுப்பாகப் பிறந்தது. பத்து மாதமாகிறது, இப்போது கண்ணைச் சுற்றி வெள்ளை மயிர் வருகிறது. சத்துக் குறைவா? மார்வாரிதான் என்று டிஎன்ஏ சான்றிதழ் வாங்கித் தருவதாகத் தரகர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: சத்துக் குறைவு இல்லை. மினரல் பவுடர் டப்பாவைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். முகக்கயிறு உரசிய தழும்பு என்றால் அந்த இடம் மட்டும்தான் வெளுக்கும். கண்ணைச் சுற்றி ஆரம்பித்து உடம்புக்கும் பரவினால் குட்டி வெள்ளைக் குதிரையாகிறது என்று அர்த்தம். அந்த நிறம் தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தே ஆக வேண்டும். உங்கள் குதிரை செவலை. அந்தக் கருப்புக் குதிரை ஏழெட்டு வயதாகியும் கருப்பாகவே இருக்கிறதென்றால், அது தகப்பன் இல்லை.

எனவே நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இனத்தைப் பற்றி அல்ல, தகப்பனைப் பற்றி. குதிரையின் மரபணுவில் 'சிஏ சிஏ சிஏ' என்று இரண்டெழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்கள் நிறைய. ஒரு குதிரைக்கு 14 தடவை, இன்னொரு குதிரைக்கு 19 தடவை என்று எண்ணிக்கை மாறும். குதிரைக்குக் குதிரை அதிகம் வேறுபடும் இடங்களைத் தேடிப் பிடித்து மார்க்கர் ஆக்குகிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் தாயிடமிருந்து ஒரு எண், தகப்பனிடமிருந்து ஒரு எண். ஒரு மார்க்கர் ஒத்துவராவிட்டால் திடீர் மாற்றமாக இருக்கலாம். மூன்று நான்கு ஒத்துவராவிட்டால் பேச்சே இல்லை, அது தகப்பன் அல்ல. அண்ணன் தம்பிக் குதிரைகளில் எது தகப்பன் என்று பிரிப்பதுதான் சிரமம்.

இனம் என்பது வேறு கணக்கு. வம்சாவளி தெரிந்த மார்வாரிக் குதிரைகள் பலவற்றின் எண்களோடு ஒப்பிட்டு, இதுவாக இருக்க இவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும். 2009-இல் வெளியான முழுக் குதிரை மரபணு வரிசையே ட்வைலைட் என்ற தரோப்ரெட் (வெளிநாட்டுப் பந்தயக் குதிரை இனம்) பெண் குதிரையுடையது. நம் இனங்களுக்கான ஒப்பீட்டுக் கணக்கு நம் குதிரைகளிலிருந்து வந்தால்தான் உண்டு. ஆய்வகத்தின் பெயரோ எந்த மார்க்கர்கள் என்ற பட்டியலோ இல்லாமல் 'சுத்த மார்வாரி' என்று முத்திரை குத்திய காகிதம் வெறும் காகிதம். பணம் கொடுக்காதீர்கள்.

இந்தப் பரிசோதனைக்கு வேண்டிய மயிர் விஷயத்துக்கு வருகிறேன், இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் யாரும் செய்வதில்லை. குதிரை வாங்கிய அன்றே பிடரியிலிருந்து இருபது முப்பது மயிரை வேரோடு பிடுங்கிக் காகித உறையில் போட்டு வையுங்கள். கத்தரியால் வெட்டக் கூடாது. தகப்பனைக் கண்டுபிடிக்கத் தேவையான டிஎன்ஏ வேரில்தான் இருக்கிறது. குட்டிக்குப் பிடரி மயிர் மெல்லிசு, வாலில் எடுங்கள். பாலிதீன் பை வேண்டவே வேண்டாம். நம் பக்கத்துப் புழுக்கத்தில் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். உறையின் மேல் பெயர், தேதி, அடையாளம் எழுதி பீரோவில் வைத்தால் வருஷக்கணக்கில் தாங்கும். செலவு ஒரு உறை. சேர்க்கையின்போது ஆண் குதிரையின் மயிரையும் உங்கள் கண்முன்னே பிடுங்கச் சொல்லுங்கள். மறுத்தால் குதிரையைத் திருப்பி ஓட்டி வந்துவிடுங்கள்.

இப்போதைக்குத் தாய், குட்டி, அந்தக் கருப்புக் குதிரை மூன்றின் மயிரோடும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய், எந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று கேளுங்கள். ஹரியானாவின் ஹிசாரில் குதிரைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

இன்னொன்று, பருவத்தில் இருந்த உங்கள் குதிரை ராத்திரி எங்கே கட்டியிருந்தது? பருவம் ஐந்து ஏழு நாள் நீடிக்கும். நம் பக்கத்தில் காலி மனைகளில் அவிழ்த்துவிட்ட குதிரைகள் திரிவது உங்களுக்கே தெரியும். தரகரிடம் சண்டைக்குப் போகும் முன் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

குட்டியை வைத்துக்கொள்வதாக இருந்தால், வயதான பிறகு வாலடியில் கருங்கட்டி வருகிறதா என்று கழுவும்போது தடவிப் பாருங்கள். வெள்ளைக் குதிரைகளுக்கு அது சகஜம். சிறிதாக இருக்கும்போதே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.