பச்சை வயலுக்கு அடியில் எதற்கு ரோஸ் கலர்?

கேள்வி: சாஃப்ட் பேஸ்டலில் (சாக்பீஸ் மாதிரி பொடி உதிரும் வண்ணக் குச்சி) இயற்கைக் காட்சி வரையக் கற்றுக்கொண்டிருக்கிறேன். எந்த வீடியோவைப் பார்த்தாலும் முதலில் ரோஸ், ஆரஞ்சு, ஊதா என்று காட்சிக்குச் சம்பந்தமே இல்லாத வண்ணங்களை அடியில் பூசிவிட்டுத்தான் மேலே பச்சையைப் போடுகிறார்கள். நேராகப் பச்சையையே போட்டால் என்ன?

பதில்:

நேராகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் எட்டு மாத அனுபவமும் இருபத்துமூன்று படங்களும் இருக்கின்றன. எல்லாம் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கின்றன. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஓவியக் கல்லூரிப் பக்கம் போனவள் இல்லை. அம்பாசமுத்திரத்தில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவள். 2020 ஊரடங்கில் கல்யாணங்கள் நின்றுபோய் தைக்கத் துணி வராமல் கிடந்தபோது, பையன் கல்லூரியில் வாங்கி நாலு நாள் தொட்டுவிட்டுத் தூக்கிப் போட்டிருந்த 64 அரைக்குச்சி பேஸ்டல் பெட்டியை எடுத்தேன். இருபது வருஷமாகத் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்ட கை, இது என்ன பெரிய விஷயம் என்று ஒரு நினைப்பு. ஆகவே முறையாகப் படித்தவர்கள் யாராவது கீழே வந்து, 'அக்கா, நீங்கள் சொல்வதற்கு வேறு கலைச்சொல் இருக்கிறது' என்று எழுதப்போகிறீர்கள் என்றால் தாராளமாக எழுதுங்கள். எனக்குச் சொல் தெரியாது, பட்டது தெரியும்.

நீங்கள் வெள்ளை கார்ட்ரிட்ஜ் தாளில் பெட்டியிலேயே பளிச்சென்று இருக்கிற கிளிப்பச்சையை எடுத்துப் பூசி, விரலால் வழவழவென்று தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்தால் பொதிகை மலை, அதற்கு முன்னால் வயல். தை மாதம், பிசான நெல் கதிர் வாங்கியிருக்கிற சமயம், காலை ஏழு மணிக்கு அந்த வயலைப் பார்த்தால் கண் கூசும். அதை மூன்று நாள் உட்கார்ந்து வரைந்து பையனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாசி பிடிச்ச தண்ணித்தொட்டியாம்மா?" என்றான். அவன் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். அதுதான் அதிகம் வலித்தது.

தப்பு எங்கே என்று புரிய எனக்கு என் தொழில்தான் உதவியது. மயில்கழுத்துப் பட்டுப்புடவையைப் பார்த்திருப்பீர்கள். நீலமா பச்சையா என்று கேட்டால் சொல்ல முடியாது. பாவு, அதாவது நெடுக்கு நூல், ஒரு நிறம். ஊடை, அதாவது குறுக்கு நூல், இன்னொரு நிறம். இரண்டு நூலும் அதனதன் நிறத்திலேயே இருக்கின்றன, யாரும் சாயத்தைக் கலக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதால் கண்தான் கலக்கிக்கொள்கிறது. மடிப்பில் ஒரு நிறம், விரிப்பில் ஒரு நிறம் என்று துணி அசைய அசைய உயிரோடு இருக்கும். அதே நிறத்தை ஒற்றைச் சாயத்தில் முக்கி எடுத்த துணியைப் பக்கத்தில் வையுங்கள், செத்துக் கிடக்கும்.

பேஸ்டலும் இந்த நெசவு மாதிரிதான். வாட்டர்கலர் மாதிரி தட்டில் வைத்துக் கலக்க முடியாது, கலவை தாளின் மேலேயே நடக்க வேண்டும். குச்சியைப் படுக்க வைத்து இழுத்தால் அது தாளின் மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளங்கள் அப்படியே நிற்கும். தாள் வெள்ளை என்றால் அந்தப் பள்ளமெல்லாம் வெள்ளைப் புள்ளி. பச்சைக்கு நடுவில் ஆயிரம் வெள்ளைப் புள்ளி இருந்தால் நிறம் சாக்பீஸ் மாதிரி வெளிறித் தெரியும். அது பிடிக்காமல்தான் நாம் விரலால் தேய்க்கிறோம், தேய்த்ததும் தண்ணீர்த்தொட்டி. அடியில் ரோஸ் இருந்தால் அந்தப் பள்ளங்கள் ரோஸாக இருக்கும். பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு வகை என்பதால் பெட்டிப் பச்சையின் கத்தலை அது கொஞ்சம் அடக்கும், அதே சமயம் பக்கத்தில் நின்று மினுங்கவும் வைக்கும். நிஜ வயலிலும் பச்சை மட்டுமா இருக்கிறது? சேறு, பழுத்த தோகை, கதிரின் மஞ்சள், அதன் மேல் காலை வெயில்.

மயில்கழுத்து என்றதும் ஞாபகம் வருகிறது. இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த டபுள் ஷேட் புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் தைத்துக் கொடுப்பதைப் போல நன்றி கெட்ட வேலை கிடையாது. ஒரு அம்மா பட்டைக் கொண்டுவந்து வாசல் வெளிச்சத்தில் நின்று அவர்களே பச்சைத் துணியைத் தேர்ந்தெடுத்தார்கள். தைத்துக் கொடுத்தேன். ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "புடவை நீலம்ல, நீ எப்படிப் பச்சை தைப்ப?" என்று சண்டை. 850 ரூபாய் கூலியில் 450-ஐ வைத்துவிட்டுப் போனார்கள். மீதி 400 இன்றுவரை வரவில்லை. போன மாதம் கோயிலில் அதே புடவை, அதே பிளவுஸில் என்னைப் பார்த்துச் சிரித்து, "நல்லாருக்கா?" என்று வேறு கேட்டார்கள். ஹோட்டலில் நெய் தோசைக்கு வாய் திறக்காமல் கொடுப்பவர்கள் ஹெம்மிங் கூலியில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்வார்கள். சரி, விடுங்கள்.

இப்போது எப்படிப் பூசுவது என்பது. வண்ணத்தின் பெயர்களை நான் புடவைக் கடைக் கணக்கில்தான் சொல்வேன், அப்படித்தான் எனக்கு நிற்கும். வயலுக்கு அடியில் வெங்காயத்தோல் ரோஸ். மரங்களுக்கு அடியில் அரக்கு. மலைக்கு மங்கலான ஊதா. வானத்துக்கு வெளிறிய மாம்பழ மஞ்சள். நாலைந்து பெரிய திட்டுகள்தான், இலை கிளை எதுவும் கூடாது. கொஞ்சம் கெட்டியான குச்சியைப் படுக்கப் போட்டு லேசாகப் பூசிவிட்டு, தட்டைத் தூரிகையை ஸ்பிரிட்டில் நனைத்து அதன்மேல் இழுக்க வேண்டும். வெளிர் பகுதியில் ஆரம்பித்து அடர் பகுதிக்குப் போங்கள், இல்லையென்றால் அரக்கு மஞ்சளுக்குள் வந்துவிடும். இரண்டு மூன்று நிமிஷத்தில் காய்ந்துவிடும். பொடியாக இருந்தது தாளில் கறை மாதிரி பிடித்துக்கொள்ளும். மேலே பச்சை போட்டால் அடி நிறம் கிளம்பி வந்து அதோடு குழம்பாது. ஸ்பிரிட் போடுவதே அதற்காகத்தான்.

ஸ்பிரிட் என்றால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டேதான். நான் முதலில் வாங்கப் போனது டாஸ்மாக் எல்லாம் பூட்டிக் கிடந்த நேரம். கடைப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்து, "எதுக்குக்கா?" என்றான். படம் வரைய என்றேன். அவன் நம்பவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அடுப்பு, சாமி விளக்கு பக்கத்தில் இந்த வேலை வேண்டாம். பேஸ்டல் பொடியையும் வாயால் ஊதாதீர்கள். சில நிறங்களில் காட்மியம் மாதிரி சமாசாரங்கள் உண்டு. தாளை வெளியே கொண்டுபோய்த் தட்டுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள்.

தாள்தான் செலவு வைக்கும் இடம். சாதாரணத் தாளில் இரண்டு பூச்சுக்கு மேல் மூன்றாவது ஒட்டாமல் வழுக்கும். சொரசொரப்பான சாண்டட் பேப்பர் வேண்டும், நம் உப்புத்தாள் மாதிரி. நல்லதாக வாங்கினால் ஒரு தாளின் விலையில் எனக்கு இரண்டு லைனிங் துணி வந்துவிடும். பழகுகிறவர்கள் மார்பிள் பொடியைக் கலந்து தாங்களே செய்துகொள்கிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்ததும், வாசலில் விற்கிற கோலமாவும் வெள்ளைக்கல் பொடிதானே என்று தோன்றியது. லைனிங் துணியில் இரண்டு தரம் சலித்து, இரண்டு பங்கு ஜெஸ்ஸோவுக்கு (வரையும் முன் அட்டையில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) ஒரு பங்கு கோலமாவு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலந்து, கெட்டியான மவுண்ட் போர்டில் குறுக்கே ஒரு கை, காய்ந்ததும் நெடுக்கே ஒரு கை பூசினேன். நன்றாகவே பிடிக்கிறது. நூறு வருஷம் தாங்குமா என்று கேட்காதீர்கள், நான் மியூசியத்துக்கு வரையவில்லை. கல்மாவுதானா என்று பார்த்து வாங்குங்கள். அரிசி மாவைக் கலந்துவிட்டால் மீதிப் படத்தை எறும்பு முடித்துக் கொடுத்துவிடும்.

இதெல்லாம் யூட்யூப்காரர்கள் கண்டுபிடித்த வித்தை என்று ஒரு குரல் வரும், தெரியும். பாலே ஆடும் பெண்களை வரைந்து பேர் வாங்கிய தெகா, 1890-களில் தகட்டில் எண்ணெய் வண்ணத்தைப் பூசித் தாளில் அச்செடுத்து, அந்தக் கறையின் மேல் பேஸ்டல் போட்டு இயற்கைக் காட்சிகள் செய்திருக்கிறார். 1892-ல் பாரிஸில் துராந்-ருயெல் காட்சிக்கூடத்தில் அவற்றை வைத்தார். அப்போது யூட்யூப் இல்லை.

ஆனால் அடியில் ரோஸ் பூசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து நான் இரண்டாவது தடவையும் விழுந்தேன். ஆசை ஆசையாக ராணி பிங்க்கை எடுத்து வயல் முழுக்கப் பூசினேன். மேலே கிளிப்பச்சை போட்டதும் இடைவெளியெல்லாம் பூச்சி அரித்த பட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. காரணம் நிறமே இல்லை, அடர்த்தி. வயல் வெளிர், நான் பூசிய பிங்க் அடர். போனில் படமெடுத்து கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தபோதுதான் மண்டையில் ஏறியது. வயல் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் திட்டுகளாக நின்றன. அடி நிறம் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும், மேலே வரப்போகிற நிறத்தின் அதே வெளிச்சத்தில், இல்லாவிட்டால் ஒரு பிடி மட்டும் கூடுதல் இருட்டில் இருக்க வேண்டும். அதனால்தான் வயலுக்கு வெங்காயத்தோல், மரத்துக்கு அரக்கு. ஸ்பிரிட் காய்ந்ததும் ஒரு தடவை போனில் கருப்பு வெள்ளையில் பாருங்கள். அங்கேயே மலை மலையாகவும் வயல் வயலாகவும் தெரியவில்லை என்றால் மேலே எந்தப் பச்சையும் காப்பாற்றாது.

மூன்றாவது விஷயம் எனக்குக் கஞ்சத்தனத்தால் கிடைத்தது. என் பெட்டியில் நெல் நிறத்துக்குக் கிட்டே வருவது ஒரே ஒரு வெளிர் ஆலிவ் பச்சைதான். மற்ற பச்சையெல்லாம் பிளாஸ்டிக் பூந்தொட்டி. அந்த ஆலிவ் தேய்ந்து தேய்ந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது, கடையும் திறக்கவில்லை. அதனால் அந்தப் படத்தில் வயலை நிரப்பவில்லை. தூரத்து வயலில் படுக்கையாக நாலு இழுப்பு, நடுவில் விட்டு விட்டுக் கொஞ்சம், முன்னால் இருக்கிற வரப்பை ஒட்டி மட்டும் நெருக்கமாகக் கதிர் நிற்கிற வாக்கில் சின்னச் சின்னக் கீற்று. பாதிக்குமேல் வெங்காயத்தோல் அப்படியே கிடந்தது. ஃபால்ஸ் வைக்கப் புடவையோடு ஒருவர் வந்ததால் எழுந்து போனேன். திரும்பி வரும்போது வாசல்படியில் நின்று பார்த்தால் உள்ளே சுவரோரம் ஏழு மணி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கிட்டே போனால் ரோஸ் மேல் கிழித்த கோடுகள், பத்தடி தள்ளி வந்தால் வயல். நான் மூன்று தடவை போய்ப் போய் வந்தேன். வந்தவர் "என்னக்கா தொலைச்சீங்க?" என்றார்.

அடிப்பூச்சு பூசுவது கஷ்டமில்லை, அதை மூடாமல் விடுவதுதான் கஷ்டம். கை தானாகப் போய் இடைவெளியை அடைக்கப் பார்க்கும். நான் இப்போதும் இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டுதான் வரைகிறேன், விரல் போய்த் தேய்த்துவிடக்கூடாது என்று. விரலால் தேய்ப்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. வானத்துக்கு நானும் தேய்ப்பேன். வயலில் வேண்டாம்.

ஃபிக்ஸேட்டிவ், அதாவது பொடி உதிராமல் இருக்க மேலே அடிக்கும் ஸ்பிரே, அதைக் கேட்பீர்கள். கடைசிப் பூச்சுக்கு மேல் நான் அடிப்பதில்லை, வெளிர் நிறங்கள் ஒரு படி இருண்டுவிடுகின்றன. மேலே பட்டர் பேப்பர் போட்டு ஒட்டி வையுங்கள். கண்ணாடி பிரேம் போட்டால் கண்ணாடி படத்தில் உரசாதபடி நடுவில் மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள்.

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே அட்டையை நடுவில் டேப் ஒட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் வெங்காயத்தோல், வலது பக்கம் வெறும் வெள்ளை. இரண்டிலும் ஒரே வயல், ஒரே பச்சை, ஒரே அளவு இழுப்பு. வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போட்டோ எடுத்துக் கருத்தில் போடுங்கள். நானும் பீரோவை நகர்த்தி என் தண்ணீர்த்தொட்டியைப் போடுகிறேன்.