பிப்ரவரியில் பணம், ஜூனில் கீரை

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும். பாஸ்டன் பக்கம் புதிதாக வந்திருக்கிறீர்கள், வீட்டில் கணவன் மனைவி இரண்டே பேர். அலுவலகத்தில் ஒருவர் பக்கத்துப் பண்ணையின் சி.எஸ்.ஏ.வில், அதாவது முன்பணம் கட்டி விளைச்சலில் பங்கு வாங்குகிற திட்டத்தில், சேரச் சொல்கிறார். இந்தப் பனியில் 700 டாலர் கட்டினால் ஜூன் முதல் அக்டோபர் வரை வாராவாரம் காய்கறி தருவார்களாம். என்ன வரும் என்றே தெரியாமல் முன்பணம் கட்டுவதா, வருவது நம் சமையலுக்கு ஒத்துவருமா என்று கேட்கிறீர்கள்.

வீட்டில் தினமும் அடுப்பு எரிகிறதென்றால் தாராளமாகச் சேருங்கள், ஆனால் முதல் வருடம் அரைப் பங்கு போதும். வாரத்தில் நாலு நாள் வெளியே சாப்பிடுகிறவர்கள் என்றால் வேண்டாம். கீரை அழுகும்போது மனசும் சேர்ந்து கெட்டுப்போகும்.

மாதச் சந்தா கட்டிப் பெட்டி வரவழைக்கிற வியாபாரத்தோடு இதைச் சேர்க்காதீர்கள். நீங்கள் வாங்குவது அந்த வருட விளைச்சலில் ஒரு பங்கு. விதை, நாற்று, டீசல், ஆள் கூலி என்று செலவெல்லாம் பண்ணைக்காரருக்குப் பனி உருகும் முன்பே ஆரம்பித்துவிடும். கையில் காசு புரள்வது ஜூலைக்கு அப்புறம்தான். நடுவில் வங்கியிடம் போய் நிற்காமல், சாப்பிடப் போகிறவர்களிடமே முன்கூட்டி வாங்கிக்கொள்கிறார்கள். நம்மூரில் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசுவது மாதிரிதான். காய்த்தாலும் உதிர்ந்தாலும் பணம் போட்டவன் பாடு. அமெரிக்காவில் இந்த முறை முதலில் வேர்விட்ட இடங்களில் நம் மாசசூசெட்ஸ் மாநிலமும் ஒன்று. 1986-ல் சவுத் எக்ரிமான்ட்டில் இருக்கிற இண்டியன் லைன் பண்ணையில் ராபின் வான் என் என்ற பெண்மணியும் கூட்டாளிகளும் தொடங்கினார்கள். அதே வருடம் நியூ ஹாம்ப்ஷயரில் டெம்பிள்-வில்டன் பண்ணையும் தொடங்கியது. ஜப்பானில் 'தெய்கெய்' என்று இதே போன்ற ஏற்பாடு அதற்கும் முன்னாலேயே இருந்தது.

உதிர்ந்தாலும் என்று சும்மா சொல்லவில்லை. 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் ஒரு ராத்திரிக் கடுங்குளிரில் பீச் மொட்டெல்லாம் கருகி, அந்த வருடம் மாசசூசெட்ஸில் உள்ளூர்ப் பீச் பழம் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. மே நடுவில் உறைபனி வந்து ஆப்பிள் பூவைத் தாக்கியது. ஜூலையில் கனெக்டிகட் ஆறு பெருகி நார்த்தாம்ப்டன் பக்கத்து வயல்களில் ஏறியது. வெள்ளம் பட்ட காயை விற்க இங்கே அனுமதி இல்லை, ஆற்றுத் தண்ணீரில் என்னென்னவோ கலந்திருக்கும். பார்க்க நன்றாக இருக்கிற பயிரையும் உழுது மடக்க வேண்டியதுதான். வெள்ளம் ஏறிய பண்ணைகளில் பங்கு வைத்திருந்தவர்களுக்கு அந்த வருட விளைச்சலில் நிறையவே அதோடு போயிற்று. இப்படி எல்லா வருடமும் நடக்காது. ஆனால் நடந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்று தெரிந்தே கையெழுத்துப் போடுங்கள்.

சரி, என்ன வரும்? ஜூன் முழுக்க இலைதான். லெட்டூஸ், கேல், சுவிஸ் சார்ட், பாக் சாய், முள்ளங்கி, வெள்ளை டர்னிப், நூல்கோல், அப்புறம் பச்சையாகச் சுருண்டு கிடக்கிற பூண்டுத் தண்டு. ஜூலையில் சுக்கினி வர ஆரம்பித்தால் போதும் போதும் என்றாகிவிடும். ஆகஸ்டில் தக்காளி, கத்தரி, குடைமிளகாய், சோளம். செப்டம்பருக்கு மேல் உருளை, பூசணி வகைகள், முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட். முருங்கை, புடலை, கறிவேப்பிலை எதிர்பார்க்காதீர்கள். இந்தியக் கடைக்குப் போகிற வேலை குறையுமே தவிர நிற்காது.

நம் சமையலுக்கு ஒத்துவருமா என்ற கவலையை மட்டும் விட்டுவிடுங்கள். சொல்லப்போனால் வெள்ளைக்காரர்களைவிட நமக்குத்தான் இந்தப் பை லாபம். வாராவாரம் நாம் போய்ப் பங்கை எடுக்கிற பண்ணைக் கொட்டகையில் ஒரு கரும்பலகை இருக்கும்: இந்த வாரம் நூல்கோல் 2, முள்ளங்கி ஒரு கட்டு, கீரை ஒரு பை நிறைய என்று எழுதியிருப்பார்கள். தராசு பக்கத்திலேயே இருக்கும், நாமே நிறுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னால் நிற்கிறவர் முள்ளங்கிக் கட்டை எடுத்து, இலையை அப்படியே முறுக்கி ஒடித்துக் கூடையில் போட்டுவிட்டுக் கிழங்கை மட்டும் கொண்டுபோவார். பீட்ரூட்டுக்கும் அதே கதி. உரக்குழிக்குப் போகிற அந்தக் கூடையிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் யாரும் தடுக்கமாட்டார்கள். முள்ளங்கி இலையைப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வையுங்கள், பீட்ரூட் கீரையைத் தேங்காய் போட்டுப் பொரியல். சுவிஸ் சார்ட் மசியலுக்கு அருமை. நூல்கோல் சாம்பாருக்கு, சுக்கினி பீர்க்கங்காய் கூட்டு வைக்கிற மாதிரி, பட்டர்நட் பூசணி பரங்கிக்காய் போடுகிற எதற்கும். பூண்டுத் தண்டை நல்லெண்ணெயில் வதக்கிப் புளி வைத்து அரைத்தால் தோசைக்கு அப்படி இருக்கும். கேல் ஒன்றுதான் கொஞ்சம் முரடு. நடு நரம்பை உருவிப் பொடியாக நறுக்கி அடை மாவில் கலந்துவிடுங்கள்.

பல பண்ணைகளில் நாமே போய்ப் பறித்துக்கொள்ள சில வரிசைகளை விட்டிருப்பார்கள்: பீன்ஸ், செர்ரித் தக்காளி, கொத்தமல்லி, பூ. அந்த வரிசைகளுக்கு நடுவே தரையோடு தரையாகப் பருப்புக்கீரை படர்ந்து கிடக்கும். இவர்களுக்கு அது களை. பறித்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பண்ணைக்காரர் சந்தோஷப்படுவார். வயலில் இறங்கும்போது பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள். மான் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம், இந்தப் பக்கத்தில் அது சாதாரணமாக நடக்கிறது.

நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிற இடம் ஊருக்குப் போகிற விஷயம். பெற்றோரைப் பார்க்க ஜூலை, ஆகஸ்டில் டிக்கெட் போடுவோம். தக்காளி குவிகிறதும் அப்போதுதான். எடுக்காத பங்கு பெரும்பாலும் இலவச உணவு மையத்துக்குப் போய்விடும். கெட்ட காரியமில்லை, ஆனால் அது உங்கள் பணம். அந்த வாரங்களுக்கு ஒரு நண்பரைப் போய் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். பணத்தை முன்கூட்டிக் கட்டி, தேவைப்படுகிற வாரம் மட்டும் பண்ணைக் கடையில் அதைக் கழித்துக்கொள்கிற திட்டமும் சில இடங்களில் உண்டு. இந்த வருடம் கோடையில் ஊருக்குப் போவதாக இருந்தால் அதுதான் உங்களுக்குச் சரி.

பணம் கட்டுமுன் பண்ணையில் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். எல்லாம் உங்கள் நிலத்தில் விளைந்ததா, வெளியிலிருந்து வாங்கிக் கலக்கிறீர்களா? கலப்பது தப்பில்லை, ஆனால் அப்போது அது பெட்டி வியாபாரம், கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டியதுதான். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள் எடுக்க வேண்டும்? செவ்வாய் மதியம் 2 முதல் 6 வரை என்றால், அலுவலகத்திலிருந்து நெரிசலில் வந்துசேர முடியுமா என்று பாருங்கள். நான் பார்த்தவரை பாதியில் விட்டுவிட்டவர்களில் பலர் காய் பிடிக்காமல் விடவில்லை, கிழமை ஒத்துவராமல்தான் விட்டார்கள். பிடிக்காத காயை வைத்துவிட்டு வேறு எடுக்க மாற்றுப் பெட்டி உண்டா? தவணையில் கட்டலாமா? ஆர்கானிக் சான்றிதழ் இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்காதீர்கள். சான்றிதழுக்குச் செலவும் எழுத்து வேலையும் அதிகம் என்று வாங்காமலேயே மருந்தில்லாமல் விளைவிக்கிற சின்னப் பண்ணைகள் நிறைய. என்ன அடிக்கிறீர்கள் என்று நேரே கேளுங்கள், சொல்வார்கள்.

700 டாலரை 20 வாரத்துக்கு வகுத்தால் வாரம் 35. அரைப் பங்குக்குச் சரிபாதி விலை இருக்காது, கொஞ்சம் கூடவே சொல்வார்கள். அதனால் பக்கத்து அபார்ட்மென்ட்டில் நம்மவர் யாராவது இருந்தால் முழுப் பங்கை இரண்டு வீடாகப் பிரித்துக்கொள்வது இன்னும் லாபம். ஆனால் யார் போய் எடுப்பது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், வாரம் ஒருவர் என்று. சின்னப் பண்ணைகளில் மார்ச்சுக்குள் இடம் நிரம்பிவிடும், அரைப் பங்குதான் முதலில் தீரும். எந்த ஊர்ப் பக்கம் இருக்கிறீர்கள் என்று சொன்னால், அங்கே எனக்குத் தெரிந்த பண்ணைகளைச் சொல்கிறேன்.